காவலர் கண்ணும் நாடகக் கண்ணும்
தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களின் உண்மைத் தன்மை பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு தொழிலைப் பற்றி எழுந்த இலக்கியத்தை அத்தொழில் செய்வாரே படிக்க நேர்ந்தால் அவர் என்ன கூறுவர் என்பது திறனாய்வாளர் பெரிதும் கேளாத வினா. பள்ளு நூல்களில் அடுக்கப்படும் நெல் வகைகளைத் தஞ்சை உழவர் ஒருவர் முன் படித்துக் காட்டினால், இன்னது குறுவைக்கு உரியது, இன்னது சம்பாவுக்கு உரியது, இன்னது ஓசைக்காகச் சேர்ந்தது என அவர் நொடியிற் பிரித்துவிடுவார். அவர் கூற்று இலக்கிய மதிப்பீடு ஆகாது. ஆயினும் இலக்கிய மதிப்பீடு செய்வார் அதனைப் புறக்கணித்தலும் ஆகாது.

இவ்வினாவையே இன்று வீடுதோறும் காணப்பெறும் குற்றத் தொடர்களின்பால் யாம் எழுப்புகின்றோம். தொலைக்காட்சியிலும் இணைய வழி அரங்குகளிலும் வரும் இத்தொடர்கள் காவலர் கண்ணுக்கு எவ்வளவு மெய்யாகத் தோன்றும்? தோன்றாவிடின், எங்கே பிழைக்கின்றன? இவற்றிற்கு விடை காணக் காவலர் சிலரை நேரிற் கண்டு வினவுதல் ஒரு வழி. காவல் துறையிற் பணிபுரிந்தோர் தாமே ஆக்கிய படைப்புகளை ஆராய்தல் மற்றொரு வழி. இலக்கிய மாணவர்க்கு உரியது பின்னையதே ஆதலின், யாம் அதனையே மேற்கொண்டோம்.

ஆய்வுக்கு அளவுகோலைத் தொல்காப்பியமே தருகின்றது. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டினை வகுத்து, இரண்டும் இயைந்த இடத்தே புலனெறி வழக்கம் பிறக்கும் என்பது அந்நூல் காட்டும் நெறி. சிதறிக் கிடக்கும் சுவையான நிகழ்ச்சிகளை ஓரிடத்துத் திரட்டிக் கூறுதலே நாடக வழக்கு என்பது உரையாசிரியர் இளம்பூரணர் கருத்து. எனவே ஒரு தொடர் நிகழ்ச்சிகளைச் சுருக்கிற்று என்பதாலேயே அதனைப் பொய் எனத் தள்ளுதல் பொருந்தாது. எதனைச் சுருக்கிற்று, எதனை அடியோடு மாற்றிற்று என்பதே நோக்கத்தக்கது.

சிலம்பிற் காணும் காவலர்

தமிழில் குற்ற விசாரணையைக் காவலர் நின்ற இடத்தினின்று நோக்கிய முதற்பெரும் பகுதி சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையாகும். காவிரி கடலோடு கலக்கும் புகாரிற் பிறந்த வணிகன் மதுரையில் வெட்டுண்டு வீழ்ந்த கதையை அறியாதார் இலர். ஆயினும், வெட்டுவதன் முன்னர்க் காவலர்க்குள் நிகழ்ந்த உரையாடலை நம் திறனாய்வாளர் போதிய அளவு ஆராய்ந்திலர் என்பது எம் கருத்து.

அங்கு நிகழ்வன யாவை? அரசன் ஆராயாது ஆணையிடுகின்றான். காவலர் கோவலனைக் காண்கின்றனர். கண்டவுடன் அவருள் ஒருவர், இவன் தோற்றம் கொலைக்கு உரிய கள்வனது தோற்றமன்று என்கிறார். இது தொழிலறிவின் குரல். பொற்கொல்லன் நகைத்து அதனை மறுக்கின்றான். எவ்வாறு மறுக்கின்றான் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அவன் சான்று எதுவும் காட்டவில்லை; கதை கூறுகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர் கொள்ளும் எட்டுத் துணைகளை விரித்து, தூதன் வேடத்திற் புகுந்து இளவரசன் அணிந்த ஆரத்தைக் கவர்ந்து மறைந்த வல்ல கள்வன் ஒருவனைப் பற்றியும் சொல்கின்றான். இக்காலச் சொல்லாற் கூறின், அவன் காவலர்க்கு ஒரு குற்ற நாடகத்தையே நிகழ்த்திக் காட்டுகின்றான்.

அந்நாடகம் பலிக்கின்றது. அதனைக் கேட்ட இளங்காவலன் ஒருவன், மழை பெய்த நள்ளிரவில் தன் கையினின்று நழுவிய கள்வனை நினைவுகூர்ந்து, செய்யாது விடின் அரசன் தங்களை ஒறுப்பான் என அஞ்சுகின்றான். அவ்வச்சம் அவையில் நிற்கும்போதே, கல்வியறிவில்லாத குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். சிலம்புகளின் பரல் முத்தோ மாணிக்கமோ என ஒப்பிட்டுக் காணும் எளிய சோதனை, கொலை முடிந்த பின், வழக்குரை காதையிலேதான் நடைபெறுகின்றது.

இப்பகுதியினின்று மூன்று உண்மைகளை யாம் பெறுகின்றோம். காவலரின் தொழிலறிவு கள்வரைப் பற்றிய கவர்ச்சிக் கதைக்குத் தோற்பதுண்டு என்பது ஒன்று. மேலிடத்து அச்சமே அவர் கையை இயக்கும் பேராற்றல் என்பது மற்றொன்று. காலம் தாழ்த்திச் சான்றினை ஒப்பிடுதல் விசாரணை ஆகாது, இரங்கலே ஆகும் என்பது பிறிதொன்று. குற்றத் தொடர்களின் மெய்ம்மையை அளக்க இம்மூன்றினும் சிறந்த அளவுகோல் வேண்டுவதில்லை.

தஞ்சை மண்ணின் மரபு

காவிரிப் பாசன நாட்டில் காவலின் வரலாறு சொற்களிலேயே பதிந்து கிடக்கின்றது. சோழர் கல்வெட்டுகளிற் பயிலும் ‘பாடிகாவல்’, ஊர்க்காவலுக்கென ஊரார் செலுத்திய வரியையும் அக்காவலையும் குறித்தது. பின்னர் வந்த ‘தலையாரி’ சிற்றூர்க் காவலன். வடநாட்டு ஆட்சிச் சொல்லான ‘தாணா’ காவல் நிலையத்தைக் குறித்து வந்து, ‘டாணாக்காரன்’ எனும் பேச்சு வழக்கினைத் தந்தது. இன்று நிலையங்களில் வழங்கும் ‘பாரா’, ‘பந்தோபஸ்து’, ‘மகஜர்’ என்பனவும் இவ்வாறு வந்தனவே. ‘ஏட்டையா’ எனும் அழைப்பு ஏட்டோடு தொடர்புடையதுபோல் தோன்றினும், அது தலைமைக் காவலரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபேயாம். எனினும் அவர் வாழ்நாளிற் பெரும்பகுதி ஏடுகளோடே கழிவதால், அப்பிழைபட்ட சொற்பிறப்பும் ஒருவகையிற் பொருந்துவதே.

சட்டத்துறையோர் தமிழ் உரைநடைக்கு வந்ததும் இம்மண்ணிலேதான். மாயூரத்தில் முன்சீபாகப் பணிபுரிந்த வேதநாயகம் பிள்ளை 1862இல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழிற் சுருக்கி வெளியிட்டார். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். நீதிமன்றத்தை உள்ளிருந்து கண்டவர் எழுதியமையால் வழக்காடுவோர் பேதைமையும் வழக்கின் நெடுமையும் அந்நூலில் நகையோடு கலந்து நிற்கின்றன.

அவர்க்குப் பின் வந்த துப்பறியும் புதினங்களின் நிலை வேறு. மன்னார்குடியை அடுத்த வடுவூரிற் பிறந்த துரைசாமி ஐயங்கார் எழுதிய ‘கும்பகோணம் வக்கீல்’ பெரும்புகழ் எய்தி, 1950இல் ‘திகம்பர சாமியார்’ எனும் திரைப்படமும் ஆயிற்று. அவர் கதைகளில் ஊர்ப் பெயர்கள் நம்முடையன. மாந்தர் பேச்சு நம்முடையது. துப்பறியும் முறை மட்டும் பெரிதும் ஆங்கிலப் புதினங்களின் வழி வந்தது. தனி ஒருவன் மதிநுட்பத்தால் மறை வெளிப்படும். காவல் நிலையம் கதையின் ஓரத்தே நிற்கும். இன்றைய தொடர்களிற் பல இம்மரபின் வழித்தோன்றல்களே என்க.

மூவகைச் சோதனை

1998இல் தொடங்கி 2018 வரை இடையறாது ஒளிபரப்பாகி, 2024இல் மீண்டும் தொடங்கிய ‘சி.ஐ.டி.’ எனும் இந்தித் தொடரை இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சிறு குழு ஒன்று குற்றம் நடந்த இடத்திற்கு விரைகின்றது; கதவு உடைகின்றது; ஆய்வுக்கூடம் அப்பொழுதே முடிவு சொல்கின்றது; குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொள்கின்றான்; கதை முடிகின்றது. இதனை மூன்று சோதனைகளுக்கு உட்படுத்துவோம்.

முதலாவது காலம். 1976ஆம் ஆண்டு, அந்நாளிற் பழைய தஞ்சை மாவட்டத்தில் இருந்த பத்தூரில், கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணுட் புதைந்திருந்த செப்புத் திருமேனிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் ஆடல்வல்லான் திருமேனி கைமாறி இலண்டனை அடைந்தது. அது பத்தூரினதே என மெய்ப்பிக்க உடன் கிடைத்த திருமேனிகளோடு ஒப்பிடும் கலை ஆய்வும் மண் ஆய்வும் தேவைப்பட்டன. இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, திருமேனி தாயகம் மீண்டது 1991இல். இடைப்பட்டவை பதினைந்து ஆண்டுகள். சிலை கடத்தல் வழக்கில் 2011இல் செருமனியிற் பிடிபட்டு, 2012இல் தமிழகத்துக்குக் கொணரப்பட்ட சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது 2022 நவம்பரில். காவலர் அறிந்த காலம் இதுவே. இதனை ஒரு மணி நேரத்திற் சுருக்குதல் நாடக வழக்கு, அதிற் குறையில்லை. காத்திருத்தல் என்பதே விசாரணையில் இல்லை எனக் காட்டுதல்தான் குறை.

இரண்டாவது ஏடு. முதல் தகவல் அறிக்கை, பொது நாட்குறிப்பு, வழக்கு நாட்குறிப்பு, பார்வை மகஜர், பிணவிசாரணை அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், இறுதி அறிக்கை என ஒரு வழக்கு தாளிலேயே உயிர் வாழ்கின்றது. கைப்பற்றிய பொருளுக்குக் கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும் சாட்சிக் கையொப்பம் இட, அக்கையொப்பம் நெடுநாட் கழித்து நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகும். தொடர்களில் இவை எங்கே? அவற்றிற்கு முடிவாக அமையும் ஒப்புதல் வாக்குமூலமோ, சட்டத்தின்முன் நில்லாதது. காவலரிடம் அளித்த ஒப்புதல் எதிர்ச்சான்றாகாது என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறிற்று. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவும் அதனையே கூறுகின்றது. ஒப்புதலின் வழியே பொருள் ஒன்று கண்டெடுக்கப்படின், அதனோடு நேரே தொடர்புடைய பகுதி மட்டுமே ஏற்கப்படும். எனவே, நாடகம் முடியும் இடத்திலேதான் காவலரின் உண்மையான வேலை தொடங்குகின்றது.

இவ்வேறுபாட்டின் ஆழத்தைக் கீழவெண்மணி காட்டும். 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவில் அங்குக் குடிசை ஒன்றனுள் 44 உயிர்கள் எரிந்தன. இறந்தோர் உழவுக் கூலித் தொழிலாளர் குடும்பத்தினர். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர் பின்னர் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். அங்கே துப்பறிய வேண்டிய மறைபொருள் யாதும் இல்லை. மெய்ப்பிக்க வேண்டிய பொருளே இருந்தது. யார் செய்தார் எனும் வினாவையே உயிராகக் கொண்ட குற்றத் தொடர்க்கு இத்தகைய வழக்கைக் கூற வடிவமே இல்லை.

மூன்றாவது அடுக்கு. காவல் துறை அடுக்கடுக்காய் அமைந்த ஆணைகளின் நிறுவனம். நாயகக் காவலர் மேலாணையை மீறி அறம் நிலைநாட்டுதலைத் திரை பலகாற் காட்டியுள்ளது. 2010இல் வெளிவந்த ‘சிங்கம்’ தமிழ்ப் படத்தின் இந்தி வடிவத்தைச் சுட்டி, 2023 செப்டம்பரில் காவல்துறை சார்ந்த விழா ஒன்றிலேயே பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி கௌதம் பட்டேல், சட்ட நடைமுறையைப் பொறாத நாயகக் காவலர் படிமம் தீங்கான செய்தியைப் பரப்புகின்றது என எச்சரித்தார். தண்டனை விரைவில் வேண்டும் எனும் மக்கள் விருப்பத்தை அப்படிமம் வளர்க்கின்றது; அவ்விருப்பமே பின்னர் மேலிடத்து ஆணையாகி நிலையத்தில் வந்து விழுகின்றது.

உள்ளிருந்து எழுந்த படைப்புகள்

இனி, காவற்பணியை உள்ளிருந்து அறிந்தோர் ஆக்கியவற்றை நோக்குவோம். 2022இல் வெளிவந்த ‘டாணாக்காரன்’ படத்தின் இயக்குநர் தமிழ், முன்னர்க் காவலராய் இருந்தவர். அப்படத்தில் துப்பறிதலே இல்லை. பயிற்சித் திடலும், வெயிலும், அணிவகுப்பும், பயில்வோரைச் சிறுமைப்படுத்தும் பயிற்சியாளருமே அதன் பொருள். கேரளக் காவல்துறையிற் பணியாற்றிய சாகி கபீர் எழுதிய ‘நாயாட்டு’ (2021) எனும் மலையாளப் படத்தில் காவலர் மூவர் தம் துறைக்கே அஞ்சி ஓடுகின்றனர். இவ்விருவரும் குற்றத்தின் மருட்சியை விடுத்து அடுக்கின் அச்சத்தையே கருவாகக் கொண்டமை தற்செயலன்று. இளங்காவலனின் நடுக்கத்தை இளங்கோவடிகள் கண்ட இடமும் இதுவே அன்றோ?

காவலர் அல்லாதார் ஆக்கியவற்றுள்ளும் இவ்வுண்மையைத் தொட்டவை உள. காவிரி கிளை பிரியும் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தைக் களமாகக் கொண்ட ‘ரைட்டர்’ (2021) நிலைய எழுத்தர் ஒருவரை நாயகராக்கிற்று. ஓய்வை நெருங்கிய அவர் காவலர்க்குச் சங்கம் வேண்டும் என முயன்று இடமாற்றம் பெறுகின்றார். பின், முறையின்றி அடைத்து வைக்கப்பட்ட ஆராய்ச்சி மாணவன் ஒருவனுக்குக் காவல் இருக்கின்றார். அம்மாணவன் ஆராய முற்பட்டது காவலரின் தற்கொலைகளை என்பது முதுகலை மாணவர் உளங்கொள்ளத்தக்கது. ஏடு எழுதும் கையே பொய் வழக்கையும் எழுத வல்லது எனும் உண்மையை இப்படம்போல் எத்தொடரும் தெளிவாகக் காட்டிற்றில்லை. காவலர் சங்கம் அமைப்பதை 1966ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகின்றது என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

‘மிக மிக அவசரம்’ (2019) பந்தோபஸ்துப் பணியில் நிறுத்தப்பட்ட பெண் காவலர் ஒருவர் இயற்கை உபாதைக்கும் இடம் விட்டு நகர இயலாது படும் துன்பத்தைக் கூறிற்று. காவிரி நாட்டுக் காவலரைக் கேட்பின், தம் பணியிற் பெரும்பகுதி கொலைத் துப்பன்று, மகாமகமும் தேரோட்டமும் தலைவர் வருகையுமே என்பர் என எண்ண இடமுண்டு. எழுதுவோர் கண்ணுக்குப் படாத இப்பணியை ஒரு படமேனும் கண்டமை பாராட்டத்தக்கது. தொடர்களுள் பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கிய ‘விலங்கு’ (2022) சிற்றூர் நிலையத்தின் அன்றாடத்தை நெருங்கிற்று. அதன் உதவி ஆய்வாளர் மேலதிகாரியின் நெருக்குதலுக்கும் கருவுற்ற மனைவியின் கவலைக்கும் இடையே அலைகின்றார். மறை வெளிப்படுவது மதிநுட்பத்தால் மட்டுமன்று, அலைச்சலாலும்.

தடையும் விடையும்

இங்கு ஒரு தடை எழும். காவலர் கண்ணே மெய்ம்மைக்கு முடிந்த அளவை எனின், காவல்துறை ஒப்புதல் பெற்ற தொடரே தலைசிறந்தது ஆகிவிடாதோ? ஆகாது. 1951இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய ‘டிராக்னெட்’, இலாசு ஏஞ்சலிசு காவல்துறையின் துணையோடு எடுக்கப்பட்டது. நடைமுறை நுணுக்கங்களில் அது செம்மையானது. துறையின் குறைகளிலோ ஊமையானது. மாறாக, 2002 முதல் 2008 வரை வந்த ‘தி வயர்’ தொடரை ஆக்கியோருள் ஒருவரான எட் பர்ன்ஸ், பால்டிமோர் நகரக் காவல்துறையில் துப்பறிவாளராய் இருந்தவர். அத்தொடர் தன் துறையின் புள்ளிவிவரப் பொய்களையே கதையாக்கிற்று. ஆகவே, காவலர் பார்வையும் துறையின் பார்வையும் ஒன்றல்ல என்பது பெறப்படும்.

மேலும், காவலர் கண் எவ்வளவு நேர்மையுடையதாயினும் அது ஒரு பக்கத்துக் கண்ணே. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தாம் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நூலினின்று பிறந்த ‘விசாரணை’ (2015) படம், அடிபடுவோர் நின்ற இடத்தினின்று அதே நிலையத்தைக் காட்டிற்று. நிலையம் ஒன்றே; அறை ஒன்றே; தடி ஒன்றே. தடியைப் பிடித்தவர் காண்பது மேலதிகாரியை. தடிக்கு ஆளானவர் காண்பது தடியை. இரண்டனுள் ஒன்று மட்டும் கூறும் படைப்பு உலகியல் வழக்கிற் பாதியை இழந்ததாகும்.

முடிவுரை

இவ்வாராய்ச்சி வெறும் சுவை பற்றியதன்று. 2025 சூன் மாதத்தில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமற் போயிற்று எனும் புகாரின்மேல் விசாரிக்கப்பட்ட கோயிற் காவலாளி ஒருவர் காவலர் கையில் அடிபட்டு இறந்தார். காவலர் கைதாயினர், வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. காணாமற் போன அணி, ஆராயாத விரைவு, இறந்துபட்ட மனிதன் என எண்ணுங்கால் நம் நெஞ்சம் மதுரைக் கடைத்தெருவிற்கே திரும்புகின்றது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடையதாகக் கொள்ளப்படும் காப்பியம் காட்டிய பிழையை நாம் இன்னும் கற்று முடித்திலோம்.

குற்றத் தொடர்கள் இவ்விறப்புகளுக்குக் காரணம் என யாம் கூறவில்லை; அவ்வாறு கூறச் சான்று இல்லை. ஆயின், ஒப்புதல் பெறுவதே விசாரணையின் முடிவு எனவும், விரைவே நீதி எனவும் நாள்தோறும் பார்ப்போர்க்குப் பயிற்றும் கதை, பொற்கொல்லன் கூறிய கதையின் இனத்தது என்பதைக் கூறாமல் இருத்தல் இயலாது. அக்கதையும் சுவையானதே. கேட்டோர் அதனை மெய்யெனவே கொண்டனர்.

எனவே, குற்றத் தொடரை ஆராயும் மாணவர் சீருடையின் நிறத்தையும் விண்மீன்களின் எண்ணிக்கையையும் சரிபார்த்து அமையாது, மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இக்கதையில் காத்திருத்தல் உண்டா? ஏடு உண்டா? அஞ்சுவோன் உண்டா? இம்மூன்றும் அமைந்த படைப்பைக் காவலர் தம்முடையது என ஏற்பர் எனத் துணியலாம். நான்காவதாகவும் ஒன்று கேட்டல் வேண்டும்: சிலம்பை உடைத்துக் காட்டக் கண்ணகி வருவதற்கு இக்கதையில் வாயில் திறந்திருக்கின்றதா? அவ்வாயிலும் திறந்திருப்பின் அப்படைப்பைக் காவலரேயன்றிக் காவலுக்கு உட்பட்டாரும் மெய்யென ஒப்புவர். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயையும் இடம் அதுவே என்பது எம் துணிபு.